கே2-18பி-யில் உயிர், 3ஐ/அட்லஸில் ரேடியோ சிக்னல்: பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

பெருநிலம்_டீச்சர் — 28 நவம்பர் 2025, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். இந்த ஏப்ரலில் "வேற்றுக் கிரகத்தில் உயிர்" என்று ஒரு செய்தி வந்ததே, நினைவிருக்கும். சிம்ம நட்சத்திரக் கூட்டத்தில், 124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கே2-18பி என்ற கிரகம். அன்று முழுக்கப் பெற்றோர் வாட்சாப் குழுவில் அதே பேச்சுதான். சில மாதம் கழித்து அதே குழுவில் "எல்லாம் பொய், ஏமாந்துவிட்டோம்" என்று ஃபார்வர்ட் வந்தது. இப்போது 3ஐ/அட்லஸ், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்மீன். அது வால்மீனே இல்லை, விண்கப்பல், ரேடியோ சிக்னல் அனுப்புகிறது என்று பிள்ளைகள் டிக்டாக்கில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள்.

ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் நேற்று எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்றாங்க, அப்புறம் இல்லைங்கிறாங்க. இவங்களுக்கு உண்மையிலேயே தெரியுமா தெரியாதா?"

அவனுக்கு வானத்தின் மேல் இருக்கும் ஆசை குறையக் கூடாது. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற பிள்ளையாகவும் ஆகிவிடக் கூடாது. என்ன சொல்லலாம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தீவுக்காரன் — 28 நவம்பர், இரவு 9.40

டீச்சர், முதலில் அந்தப் பையனைப் பாராட்டுங்கள். பெரியவர்களே கேட்காத கேள்வி இது.

நான் இந்தச் செய்திகளை விடாமல் படிக்கிறவன். 2019-இல் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையின் படம் வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில், 650 கோடி சூரியன்களின் எடையுள்ள ஒன்றைப் படம் எடுத்துக் காட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து மெய்சிலிர்க்காமல் எப்படி இருக்க முடியும்? அந்த ஆசையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.


கேள்விக்குறி — 28 நவம்பர், இரவு 10.05

எனக்கு மெய்சிலிர்க்கவில்லை அண்ணே, சந்தேகம்தான் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மங்கலான வளையம். பிறகு விசாரித்தால் அந்த நிறமே அவர்கள் கொடுத்ததாம். வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களும் அப்படித்தான், கலர் அடித்துத்தான் வெளியே விடுகிறார்கள். அந்தத் தொலைநோக்கிக்குச் செலவு சுமார் 1000 கோடி அமெரிக்க டாலர். அவ்வளவு பணம் வாங்கினால் ஆண்டுக்கு ஒரு "மாபெரும் கண்டுபிடிப்பு" காட்டியே ஆக வேண்டும். கே2-18பி செய்தியை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

டீச்சர், பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். அவனிடம் சமாதானம் சொல்லி மழுப்பாதீர்கள்.


ஷிஃப்ட்_அண்ணன் — 28 நவம்பர், இரவு 11.31

இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் தர சோதனைப் பிரிவில் வேலை. கே2-18பி செய்தியில் "3 சிக்மா" என்று பார்த்ததும் நம்ம கம்பெனி பாஷை மாதிரி இருக்கிறதே என்று உட்கார்ந்து படித்தேன்.

எங்கள் லைனில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சார்ட் ஓடும். அளவுகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு சிதறும் என்பதற்கான அலகுதான் சிக்மா. சராசரிக்கு மேலும் கீழும் 3 சிக்மாவில் கோடு போட்டிருப்போம். புள்ளி கோட்டைத் தாண்டினால் அலாரம். ஆனால் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், சுமார் 370 புள்ளிக்கு ஒன்று தானாகவே கோட்டைத் தாண்டும். அது கணக்கு, யாராலும் தடுக்க முடியாது. நூற்றுக்கணக்கான சார்ட் ஓடும் இடத்தில் தினமும் ஏதாவது ஒன்று கத்திக்கொண்டேதான் இருக்கும். அலாரம் அடித்ததும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பதறிப்போய் லைனை நிறுத்தப் போவார்கள். சீனியர் என்ன சொல்வார் தெரியுமா? "முதலில் அதே வேஃபரை (சிப் செய்யும் சிலிக்கான் தட்டை) இன்னொரு மெஷினில் அளந்து பார்." அலாரம் பொய்யும் இல்லை, அதுவே தீர்ப்பும் இல்லை.

கே2-18பி-யில் கிடைத்தது அந்த 3 சிக்மாதான். தற்செயலாக அப்படி ஒரு அளவு வர 0.3% வாய்ப்பு. விண்ணியலில் "கண்டுபிடித்துவிட்டோம்" என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். அதாவது தற்செயலுக்கு 0.00006 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.


பெருநிலம்_டீச்சர் — 29 நவம்பர், காலை 6.50

அண்ணே, இது பிள்ளைகளுக்கே புரியும். நன்றி. ஆனால் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆய்வாளர்களுக்கு அது 3 சிக்மாதான் என்று முன்பே தெரியும்தானே? தெரிந்தும் ஏன் அப்படி அறிவித்தார்கள்?


அலைவரிசை — 29 நவம்பர், காலை 11.20

டீச்சர், நான் இங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறேன். அந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்திருக்கிறேன்.

கட்டுரையிலேயே 3 சிக்மா என்று எழுதியிருக்கிறார்கள். தலைமை ஆய்வாளர் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன். வெப் தொலைநோக்கியில் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் கிடைத்தால் 5 சிக்மாவை எட்டலாம் என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். மறைக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பு "இதுவரை கிடைத்ததில் மிக வலுவான அறிகுறி" என்ற தொனியில் தலைப்புப் போட்டது. பத்திரிகைகள் அதிலிருந்து "அறிகுறி"யையும் எடுத்துவிட்டன. நம் வாட்சாப் குழுக்களுக்கு வரும்போது "உயிர் கண்டுபிடிப்பு" மட்டும்தான் மிச்சம். என் கருத்தில் செய்திக்குறிப்பு எழுதியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழியை ஊடகத்தின் தலையில் மட்டும் போட முடியாது.

அளந்தது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கிரகம் 33 நாளுக்கு ஒரு முறை தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும். அப்போது நட்சத்திர ஒளியில் ஒரு துளி அதன் காற்றுமண்டலத்தை ஊடுருவி நம்மிடம் வருகிறது. எந்தெந்த அலைநீளத்தில் ஒளி குறைகிறது என்று பார்த்தால் அங்கே என்ன வாயு இருக்கிறது என்று ஊகிக்கலாம். 2023-இல் இப்படித்தான் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதாகச் சொன்னார்கள். மீத்தேன் இன்றும் வலுவாக நிற்கிறது. 2025-இல் சொன்னது டைமெத்தில் சல்பைடு, அல்லது அதன் உறவுக்கார மூலக்கூறு ஒன்று. பூமியில் அதைப் பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. அதனால்தான் அவ்வளவு பரபரப்பு.

அப்புறம் என்ன நடந்தது? வெப் எடுத்த தரவு அப்படியே இருக்கிறது. மற்றக் குழுக்கள் அதே தரவை எடுத்துத் தங்கள் வழியில் அலசினார்கள். ஒருவருக்கு வெறும் நேர்கோடு போட்டாலே, அதாவது எந்த வாயுவின் தடமும் இல்லாமலே, பொருந்தியது. இன்னொரு குழு வேறு மூலக்கூறுகளை வைத்தாலும் அதே அளவுக்குப் பொருந்துகிறது என்றது. மூன்றாவது குழு பழைய தரவையும் புதியதையும் சேர்த்துப் பார்த்து, போதிய சான்று இல்லை என்றது. இதற்கிடையே 67பி என்ற வால்மீனில், உயிரே இல்லாத இடத்தில், அதே டைமெத்தில் சல்பைடு இருப்பது ரொசெட்டா விண்கலத்தின் தரவிலிருந்து தெரிய வந்திருந்தது.

ஆக, "பொய் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்ற ஃபார்வர்டும் தவறுதான். இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் நிலவரம்.


நள்ளிரவு_வானம் — 29 நவம்பர், பிற்பகல் 3.15

நீங்கள் எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். 3ஐ/அட்லஸ் பற்றி ஹார்வர்ட் வானியலாளர் அவி லோப் வெளிப்படையாகக் கேள்வி கேட்டிருக்கிறார். அவர் சாதாரண ஆள் இல்லை. செவ்வாய்க்குப் பக்கத்தில் போனபோது நாசா எடுத்த படத்தை ஆறு வாரத்துக்கு மேல் வெளியிடவே இல்லை. ஏன்? ரேடியோ சிக்னல் வந்தது என்று தென்னாப்பிரிக்கத் தொலைநோக்கியே உறுதி செய்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நம்ம வானியலாளர் சந்திரசேகரை மறந்துவிட்டீர்களா? 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போதே வெள்ளைக் குள்ளன் என்ற, எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரத்துக்கு எடை வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டார். 1935-இல் லண்டனில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எல்லார் முன்னிலையிலும் அதைக் கேலி செய்தார். உலகமே எடிங்டன் பக்கம் நின்றது. கடைசியில் 1983-இல் நோபல் யாருக்குக் கிடைத்தது? பெரிய இடம் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.


அலைவரிசை — 29 நவம்பர், மாலை 5.48

அண்ணே, ரேடியோவிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சொன்ன தென்னாப்பிரிக்கத் தொலைநோக்கி மீர்காட் அக்டோபர் 24 அன்று பார்த்தது உண்மை. ஆனால் அது வால்மீன் "அனுப்பிய" அலை இல்லை. 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு இடங்களில் அலை உறிஞ்சப்பட்டிருந்தது. ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறு செய்கிற வேலை அது. பனியிலிருந்து கிளம்பும் நீராவியைச் சூரிய ஒளி உடைக்கும்போது ஹைட்ராக்சில் உண்டாகும். வால்மீன்களில் பல காலமாகப் பார்த்துவரும் ஒன்று. அதாவது, விண்கப்பலுக்கு ஆதாரம் என்று சுற்றிவரும் அதே அளவீடுதான் அது பனிக்கட்டி நிறைந்த வால்மீன் என்பதற்கு ஆதாரம்.

படம் தாமதமானதற்குக் காரணம் அமெரிக்க அரசு முடங்கியது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அங்கே நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் பாதி மூடிக் கிடந்தன. நவம்பர் 19 அன்று படங்கள் வந்துவிட்டன. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் செவ்வாயைச் சுற்றும் தன் விண்கலம் எடுத்த படத்தை அக்டோபர் 7-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. மறைக்க நினைத்திருந்தால் எல்லா நாட்டையும் சேர்த்தல்லவா மறைக்க வேண்டும்?

லோப் கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது இயற்கையான வால்மீனாக இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம் என்று அவரே தன் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.


ஷிஃப்ட்_அண்ணன் — 29 நவம்பர், இரவு 8.02

சந்திரசேகர் கதையைக் கொண்டு வந்ததற்கு நன்றி தம்பி. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த தமிழர், சின்ன வயதிலேயே அவ்வளவு பெரிய மனிதரின் எதிர்ப்பைத் தாங்கி நின்றார். எனக்கும் அது பெருமைதான்.

ஆனால் அவர் ஜெயித்தது எதனால்? அவர் கணக்கை யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். போட்டவர்களுக்கு அதே 1.4 சூரிய எடைதான் விடையாக வந்தது. எடிங்டனிடம் இருந்தது பெயரும் பேச்சும். அதனால் பெரிய இடத்தை எதிர்த்துப் பேசுகிறவர் எல்லாரும் சந்திரசேகர் ஆகிவிட முடியாது. 3ஐ/அட்லஸை விண்கப்பல் என்கிறவர்கள் "இந்த அளவு வந்தால் கப்பல், வராவிட்டால் வால்மீன்" என்று முன்கூட்டியே சொல்லட்டும், நானே அவர்கள் பக்கம் நின்று கேட்கிறேன். ஹப்பிள் பார்த்தது, வெப் பார்த்துக் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கொட்டுகிறது என்றது, மீர்காட்டும் பார்த்தது. ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் "இருந்தாலும்" என்றால் அதற்கு முடிவே கிடையாது.


தண்ணீர்மலை_வாசி — 29 நவம்பர், இரவு 8.30

நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மாமியார் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு டிசம்பர் 19 அன்று பூமியில் மோதப் போகிறது என்று பயந்து போயிருக்கிறார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவரிடம் என்ன சொல்ல?


அலைவரிசை — 29 நவம்பர், இரவு 8.36

அக்கா, மோதாது. டிசம்பர் 19 அது நமக்கு மிக நெருக்கமாக வரும் நாள், அவ்வளவுதான். அப்போதும் சுமார் 27 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் போகும். சூரியன் இருப்பதே 15 கோடி கிலோமீட்டரில். சூரியனை விடத் தொலைவில் போகிறது என்று சொல்லுங்கள். நிம்மதியாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.


தண்ணீர்மலை_வாசி — 29 நவம்பர், இரவு 9.10

சொன்னேன். "சூரியனை விடத் தூரமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு இப்போது தோசை சாப்பிடுகிறார். நன்றி தம்பி.


கேள்விக்குறி — 30 நவம்பர், காலை 10.15

சரி, வால்மீன் விஷயத்தை விடுங்கள். எனக்கு இன்னும் பதில் வரவில்லை. கலர் அடிப்பது ஏன்? தங்களுக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்கிறார்கள் என்கிறீர்களே, தங்களுக்கு எதிரான முடிவை அவர்களாகவே வெளியே சொன்ன சம்பவம் ஒன்றாவது காட்டுங்கள்.


தீவுக்காரன் — 30 நவம்பர், காலை 11.00

நிறத்துக்கு நான் சொல்கிறேன். நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன், நிறம்தான் என் பிழைப்பு. வெப் முக்கியமாகப் பார்ப்பது அகச்சிவப்பு. நம் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. உள்ளதை உள்ளபடி அச்சிட்டால் உங்கள் கையில் வெறும் கறுப்புத் தாள்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு அலைநீளத்தையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, நீளமான அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுக்கிறார்கள். எந்தப் பகுதி பிரகாசம், எந்தப் பகுதி மங்கல் என்பது அளந்ததுதான். எந்த ஃபில்டருக்கு எந்த நிறம் என்றும் படத்தோடு போட்டுவிடுகிறார்கள். எம்87 படம் ரேடியோ அலையில் எடுத்தது. அதற்கு ஆரஞ்சு பொருத்தமாக இருக்கும் என்று அவர்களாகவே தேர்ந்தெடுத்தார்கள், அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. வளையத்தின் அளவும் கீழ்ப்பக்கம் அதிகம் ஒளிர்வதும் நிறத்தால் வந்ததில்லை.


அலைவரிசை — 30 நவம்பர், பிற்பகல் 1.44

சம்பவம் கேட்டீர்கள் அண்ணே. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்று 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 2001-இல் அது பதிவு செய்த ஒரு துடிப்பை 2007-இல் பழைய தரவைத் தோண்டும்போது கண்டெடுத்தார்கள். சில மில்லிவிநாடிதான். ஆனால் நம் பால்வீதிக்கு வெளியே, மிகத் தொலைவிலிருந்து வந்ததற்கான அடையாளம் இருந்தது. அதிக அதிர்வெண் அலைகள் முன்னதாகவும் குறைந்தவை சற்றுத் தாமதமாகவும் வந்து சேர்ந்திருந்தன. வழியில் உள்ள எலக்ட்ரான்களைக் கடந்து வரும்போது அப்படி ஆகும். எவ்வளவு தாமதமோ அவ்வளவு தூரம்.

அடுத்ததாக வந்தது சிக்கல். அதே தொலைநோக்கியில் ஏறக்குறைய அதே மாதிரி வேறு துடிப்புகளும் பதிவாகியிருந்தன. அவற்றுக்குப் பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். அவை பகலில், அலுவலக நேரத்தில்தான் அதிகம் வந்தன. தொலைநோக்கி ஒரே நேரத்தில் வானின் பல புள்ளிகளைப் பார்க்கும், ஒவ்வொன்றும் ஒரு கற்றை. இவை எல்லாக் கற்றைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்தன. வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படித் தெரியாது. பக்கத்திலேயே ஏதோ இருக்கிறது. அப்படியானால் 2001-இல் வந்ததும் இதே ரகமா? பலருக்கு அந்தத் துடிப்பின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

2015-இல் எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவர் குழுவும் அதைக் கண்டுபிடித்தார்கள். தொலைநோக்கி வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு! சாப்பாடு சூடாகி முடியும் முன்பே யாராவது கதவைத் திறந்தால், உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தில் ஒரு துடிப்பு வெளியே கசிகிறது. தொலைநோக்கி அந்த நேரம் தோதான கோணத்தில் திரும்பியிருந்தால் பதிவாகிவிடும். வேண்டுமென்றே கதவைத் திறந்து பார்த்துப் பெரிட்டானை வரவழைத்தார்கள். முதல் பெரிட்டான் பதிவானது 1998-இல். இத்தனை ஆண்டுத் தலைவலி தங்கள் சொந்தக் கேன்டீனில் இருந்தது என்று தாங்களே கட்டுரை எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். நீங்கள் கேட்டது இதுதானே?

அதே கட்டுரை இன்னொன்றும் செய்தது. பெரிட்டான் எப்படி இருக்கும் என்று துல்லியமாகத் தெரிந்ததும், 2001-இல் வந்த துடிப்பு அந்த ரகம் இல்லை என்று பிரித்துக் காட்ட முடிந்தது. 2017-இல் திரும்பத் திரும்பத் துடிக்கும் ஒன்று எந்தச் சிறு விண்மீன் மண்டலத்திலிருந்து வருகிறது என்றே இடம் குறித்துவிட்டார்கள், ஏறக்குறைய 300 கோடி ஒளியாண்டு. 2020-இல் நம் பால்வீதியிலேயே மேக்னட்டார் என்ற, மிக வலுவான காந்தப்புலம் உள்ள ஒரு நட்சத்திரம் அப்படித் துடித்தது. கனடாவின் சைம் தொலைநோக்கி 2021-இல் 500-க்கும் மேற்பட்ட துடிப்புகளைப் பட்டியலிட்டது. மைக்ரோவேவைத் தேடிப் போனவர்களால்தான் இன்று அந்தத் துடிப்புகளை உறுதியாக நம்ப முடிகிறது.


கேள்விக்குறி — 30 நவம்பர், மாலை 4.20

இது நியாயமான பதில். மைக்ரோவேவ் கதையை நான் கேள்விப்பட்டதில்லை.

பணத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. செய்திக்குறிப்பில் தூக்கிப் பேசினால்தான் அடுத்த நிதி கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை கே2-18பி போன்ற தலைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கும். டீச்சர் அதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.


ஷிஃப்ட்_அண்ணன் — 30 நவம்பர், மாலை 6.05

அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். வெள்ளிக் கிரகத்தில் 2020-இல் உயிருக்கு அறிகுறியாக இருக்கலாம் என்ற பாஸ்பீன் வாயு இருப்பதாக அறிவித்தபோதும் இதேதான். முதலில் 100 கோடியில் 20 பங்கு என்றார்கள். ஆல்மா தொலைநோக்கியின் தரவில் அளவுத் திருத்தப் பிழை இருப்பது தெரிந்து, திரும்பக் கணக்கிட்டதும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. முதல் அறிவிப்பு உலகம் முழுக்கப் போனது, திருத்தம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? திருத்தம் வெளியே வருவது குறையில்லை, அது நம்மிடம் வந்து சேராததுதான் குறை. இந்த இடத்தில் நம் தமிழ்ப் பத்திரிகைகளும் வானொலியும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.


நள்ளிரவு_வானம் — 30 நவம்பர், இரவு 7.33

எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் "முன்கூட்டியே சொல்லட்டும்" என்று அண்ணன் கேட்டது சரியான கேள்வி. டிசம்பர் 19-க்குப் பிறகு அது சூரியனின் ஈர்ப்பு சொல்கிற பாதையிலேயே, வாயு கசிவதால் வரும் சிறு விலகலோடு மட்டும் போனால் வால்மீன் என்று ஏற்றுக்கொள்கிறேன். பெரிதாகத் திசை மாறினால் நீங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். சரியா?


ஷிஃப்ட்_அண்ணன் — 30 நவம்பர், இரவு 7.41

சரி தம்பி. இதே இழையில் பேசிக்கொள்வோம்.


பெருநிலம்_டீச்சர் — 30 நவம்பர், இரவு 9.25

எல்லாருக்கும் மிக்க நன்றி. நாளைக்கு வகுப்பில் "தெரியும், தெரியாது" என்று பதில் சொல்லப் போவதில்லை. மைக்ரோவேவ் கதையைச் சொல்லி, துடிப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று பிள்ளைகளையே ஊகிக்கச் சொல்லப் போகிறேன். மதிய நேரத்தில்தான் அதிகம் வருகிறது, எல்லாக் கற்றையிலும் தெரிகிறது என்ற இரண்டு துப்பை மட்டும் கொடுப்பேன். அந்தப் பையன் கண்டுபிடித்துவிடுவான் என்று நினைக்கிறேன்.

வகுப்புச் சுவரில் ஒரு அட்டை ஒட்டி கே2-18பி, 3ஐ/அட்லஸ் இரண்டையும் எழுதி வைக்கிறேன். யார் சொன்னது, எந்தத் தொலைநோக்கி, வேறு யார் சரிபார்த்தது என்று பிள்ளைகளே நிரப்பட்டும். கேள்விக்குறி சார், பணத்தைப் பற்றியும் ஒரு கட்டம் போட்டுவிடுகிறேன்.

அலைவரிசை, ஒரு உதவி. எங்கள் பள்ளியில் ஒரு பைனாகுலர் இருக்கிறது. பெற்றோர்கள் ஓர் இரவு பிள்ளைகளைக் கூட்டிவரத் தயார். எதைக் காட்டலாம்?


அலைவரிசை — 30 நவம்பர், இரவு 9.58

டீச்சர், 3ஐ/அட்லஸ் அந்தப் பைனாகுலரில் தெரியாது, அதை முன்பே சொல்லிவிடுங்கள். ஆந்த்ரோமீடாவைக் காட்டுங்கள். இப்போது இரவு எட்டு மணி வாக்கில் வடக்கே நல்ல உயரத்தில் இருக்கும். 25 லட்சம் ஒளியாண்டு தூரம். மங்கலான பஞ்சுத் துணுக்கு மாதிரிதான் தெரியும், படத்தில் பார்க்கும் நிறம் எதுவும் இருக்காது. பட்டர்வொர்த் வெளிச்சத்தில் கஷ்டம். பாலிக் பூலாவ் தாண்டி பந்தாய் ஆச்சே பக்கம் வந்தால் நல்லது, ஷேக் தாஹிர் வானியல் மையமும் அங்கேதான் இருக்கிறது. மழைக்காலம், மேகம் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு இரண்டு தேதி குறித்து வையுங்கள். நாள் சொன்னால் நானும் என் நண்பனும் தொலைநோக்கியோடு வருகிறோம்.


கேள்விக்குறி — 30 நவம்பர், இரவு 10.10

தேதியை இங்கேயே போடுங்கள் டீச்சர். என்னிடம் வேன் இருக்கிறது, பன்னிரண்டு பிள்ளைகள் வரை ஏற்றலாம்.